ஹாமண்ட் ஆர்கனும் லெஸ்லி சுழலும் ஒலிபெருக்கியும்

ஹாமண்ட் ஆர்கன் என்பது சுழலும் உலோகச் சக்கரங்களைக் கொண்டு ஒலியை உருவாக்கும் மின் இசைக்கருவி ஆகும். சிகாகோவில் கடிகார நிறுவனம் நடத்திவந்த அமெரிக்கப் பொறியாளர் லாரன்ஸ் ஹாமண்ட் (1895–1973) இதை உருவாக்கினார். 1935-இல் இது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. லெஸ்லி ஒலிபெருக்கி என்பது இந்த ஆர்கனின் ஒலியைச் சுழற்றி வெளியிடும் மரப்பெட்டி. கலிபோர்னியாவைச் சேர்ந்த டான் லெஸ்லி (1911–2004) இதை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார்.

இன்று இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசுவது வழக்கம். ஆனால் ஆர்கனைச் செய்தவர் அந்தப் பெட்டியை ஏற்கவில்லை. தேவாலயக் குழாய் ஆர்கனுக்கு மலிவான மாற்றாகவே ஹாமண்ட் தம் கருவியை எண்ணினார். அவர் குறை என்று கருதியவற்றையும் அவர் மறுத்த ஒலிபெருக்கியையும் இசைக்கலைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்டனர். இக்கருவிக்கு உலகப் புகழ் கிடைத்தது அந்த வழியில்தான்.

தோற்றம்

லாரன்ஸ் ஹாமண்ட் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அவருக்கு இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது. மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்ப மாறாத வேகத்தில் சுழலும் ஒத்தியங்கு மோட்டார்களைக் கொண்டு கடிகாரம் செய்வதே அவருடைய தொழில். 1929-க்குப் பிந்தைய பெரும் பொருளாதார மந்தத்தில் கடிகார வியாபாரம் சரிந்தது. அந்த மோட்டாருக்கு வேறு பயன் தேடியபோது, சீட்டாட்டத்துக்குச் சீட்டுகளைக் கலைத்துப் பங்கிடும் மேசை ஒன்றைச் செய்தார். அடுத்து அவர் கவனம் இசைப்பக்கம் திரும்பியது.

பழைய பியானோ ஒன்றை வாங்கி, அதன் கட்டைவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டு அவர் ஆய்வைத் தொடங்கினார். இசையறிவுக்கு நிறுவனத்தின் துணைப் பொருளாளரும் தேவாலய ஆர்கன் வாசிப்பாளருமான டபிள்யூ. எல். லாஹே துணைநின்றார். 1934 ஏப்ரல் 24 அன்று காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு நியூயார்க் நகரில் கருவி அறிமுகமானது. முதலில் வாங்கியவர்களுள் இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினும் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டும் அடங்குவர்.

சுழலும் சக்கரத்தால் மின் இசையை உருவாக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. தாடியஸ் கேஹில் என்ற அமெரிக்கர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்ஹார்மோனியம் என்ற கருவியைச் செய்தார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத காலம் என்பதால், கேட்கும் அளவுக்கு ஒலி வேண்டுமானால் பெரிய மின்னாக்கிகள் தேவைப்பட்டன. அதன் எடை சுமார் 200 டன். ஹாமண்டின் காலத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டது. அதனால் அதே கொள்கை ஒரு மேசையளவுப் பெட்டிக்குள் அடங்கியது.

ஒலி பிறக்கும் விதம்

இதைப் புரிந்துகொள்ள சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளலாம். காந்தமும் கம்பிச்சுருளும் உள்ள இடத்தில் சுழற்சி நடந்தால் மின்சாரம் உண்டாகிறது. சுழற்சி வேகம் கூடினால் மின்னோட்டம் ஏறி இறங்கும் வேகமும் கூடுகிறது.

ஹாமண்ட் ஆர்கனுக்குள் நாணயம் போன்ற சிறு எஃகுச் சக்கரங்கள் உள்ளன. புகழ்பெற்ற பி-3 மாதிரியில் ஒலி தருபவை 91. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் அலைபோல் மேடு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். எதிரே சுருள் சுற்றப்பட்ட காந்தக்கோல் ஒன்று இருக்கும். சக்கரம் சுழலும்போது மேடு காந்தத்தை நெருங்குவதும் விலகுவதுமாக மாறிமாறி நடக்க, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றுகிறது. வினாடிக்கு எத்தனை மேடுகள் கடக்கின்றனவோ அதுவே அந்தச் சுரத்தின் அதிர்வெண்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 1200 முறை, அதாவது வினாடிக்கு 20 முறை சுழல்கிறது. மேலை இசையில் சுருதி சேர்க்கப் பயன்படும் 'ஏ' சுரத்துக்கு 88 பல் சக்கரம் 64 பல் சக்கரத்தை ஓட்டுகிறது. எனவே அந்த அச்சு வினாடிக்கு 27.5 முறை சுழலும். அதில் 16 மேடுகள் கொண்ட சக்கரம் இருந்தால் 27.5 × 16 = 440 ஹெர்ட்ஸ். 8 மேடுகள் என்றால் 220. 32 என்றால் 880. இப்படி மேடுகளை இரட்டித்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த ஸ்தாயிகள் கிடைத்துவிடும். பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு வகைப் பற்சக்கர விகிதங்கள் போதும்.

இதனால் ஒரு பெரிய வசதி உண்டு. எல்லாச் சக்கரங்களும் ஒரே மோட்டாரில் ஓடுவதால் ஒரு சுரம் மட்டும் தனியே சுருதி விலகாது. வீணைக்கோ பியானோவுக்கோ செய்வதுபோல் அவ்வப்போது சுருதி சேர்க்கவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விட்டால் போதும்.

ஆனால் சுருதி மின்சாரத்தின் அலைவெண்ணைச் சார்ந்தே நிற்கும். அமெரிக்காவுக்கென 60 ஹெர்ட்ஸில் செய்த கருவியை இந்தியா, இங்கிலாந்து போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் அப்படியே இணைத்தால் 440 ஹெர்ட்ஸ் சுரம் சுமார் 367-ஆக இறங்கிவிடும். கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரங்கள் கீழே போய்விடும் என்று பொருள்.

ஒத்தியங்கு மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. அதனால் கருவியில் இரண்டு சுவிட்சுகள் உண்டு. முதல் சுவிட்சைச் சில வினாடிகள் பிடித்திருந்து தொடக்க மோட்டாரால் சக்கரங்களைச் சுழலவிட்டு, பிறகு இரண்டாவதைப் போட வேண்டும்.

இழுகோல்கள்

சக்கரம் தரும் ஒலி ஏறத்தாழத் தூய ஒற்றை ஒலி. அதை மட்டும் கேட்டால் வெறுமையாக இருக்கும். எந்த இசைக்கருவியிலும் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்கள் கலந்தே ஒலிக்கின்றன. அந்தக் கலவையே புல்லாங்குழலையும் நாதஸ்வரத்தையும் காது வேறுபடுத்தி அறியக் காரணம். ஹாமண்ட் ஆர்கனில் இந்தக் கலவையை வாசிப்பவரே செய்துகொள்ளலாம். அதற்கு டிராபார் எனப்படும் ஒன்பது இழுகோல்கள் கொண்ட தொகுதிகள் உள்ளன. ஒவ்வொரு கோலையும் 0 முதல் 8 வரை ஒன்பது நிலைகளில் வைக்கலாம்.

பழுப்புக் கோல்கள் இரண்டு: ஒன்று கீழ் ஸ்தாயிச் சுரத்தையும் மற்றொன்று பஞ்சமத்தையும் சேர்க்கும். வெள்ளைக் கோல்கள் நான்கும் அடிப்படைச் சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயிகளையும் தரும். கறுப்புக் கோல்கள் மூன்றும் பஞ்சமம், காந்தாரம் சார்ந்த மேற்சுரங்களைத் தரும். ஒன்பது கோல்களை ஒன்பது நிலைகளில் வைக்கும் வழிகளைப் பெருக்கினால் 38 கோடியைத் தாண்டும். அவற்றுள் பல, ஒலியளவில் மட்டும் வேறுபடுபவை.

கலைஞர்கள் தங்கள் அமைப்பை எண் வரிசையாகவே குறித்துக்கொள்வர். முதல் மூன்று கோல்களை முழுதாக இழுத்து மற்றவற்றை உள்ளே தள்ளிவிட்டால் 888 000 000. ஜாஸ் ஆர்கனின் அடையாள ஒலி இதுவே.

குழாய் ஆர்கனோடு ஒப்பீடு

ஹாமண்ட் நிறுவனம் தன் கருவி குழாய் ஆர்கனுக்கு நிகரானது என்று விளம்பரம் செய்தது. குழாய் ஆர்கன் செய்வோர் இதை எதிர்த்தனர். 1936-இல் விவகாரம் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் முன் சென்றது. மறு ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் ஆலயத்தில் செவிச்சோதனை ஒன்று நடந்தது. ஆலயத்தின் பெரிய குழாய் ஆர்கனும் ஹாமண்ட் ஆர்கனும் மறைவில் வாசிக்கப்பட்டன. கேட்பவர்கள் எது எது என்று எழுத வேண்டும். மாணவர்களின் விடைகளில் ஏறத்தாழப் பாதி தவறு. இசை வல்லுநர்களின் விடைகளிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு தவறாக இருந்தது.

ஆனாலும் 1938-இல் ஆணையம் விளம்பரத்தின் சில கூற்றுகளைக் கைவிடுமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அதற்கு முன் நடந்த வாதங்கள் கருவியின் புகழைப் பரப்பவே உதவின.

வேறுபாடு உண்மையில் இருந்தது. மேற்சுரங்களுக்கென்று தனிச் சக்கரங்கள் இல்லை. பக்கத்தில் உள்ள சுரங்களின் சக்கரங்களிலிருந்தே அவை கடன் வாங்கப்படுகின்றன. 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஐந்தாம் மேற்சுரம் இயற்கையில் 2200. கருவி தருவதோ சுமார் 2217. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் உள்ள ஒன்பது தொடுமுனைகள் ஒரே கணத்தில் சேராததால் அழுத்தும்போது 'டிக்' என்ற சிற்றொலியும் எழும். இதை ஒழிக்கப் பொறியாளர்கள் முயன்றனர். தாளத்துக்குக் கூர்மை தருகிறது என்று ஜாஸ் கலைஞர்கள் அதையே விரும்பினர். பிற்காலத்தில் மின்னணு நகல்கள் செய்தவர்கள் அந்த 'டிக்' ஒலியையும் மெனக்கெட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று.

டான் லெஸ்லியின் சுழலும் பெட்டி

டான் லெஸ்லி லாஸ் ஏஞ்சலஸில் ஹாமண்ட் ஆர்கனைக் கேட்டது பெரிய கடை ஒன்றின் விசாலமான கூடத்தில். 1937-இல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தபோது ஒலி தட்டையாகவும் உயிரற்றதாகவும் தோன்றியது. அவர் கண்ட காரணம் எளிது. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு குழாயிலிருந்து, வெவ்வேறு திசையிலிருந்து வருகிறது. ஹாமண்ட் ஆர்கனில் எல்லாமே ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஒலி வரும் இடத்தை நகர்த்திப் பார்த்தால் என்ன என்று எண்ணினார். பல சோதனைகளுக்குப் பின் சுழலும் ஒலிபெருக்கி பிறந்தது.

பின்னாளில் புகழ்பெற்ற 122 மாதிரியில் 40 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் உள்ளது. சுமார் 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மேலே உள்ள கூம்புக்குப் போகும். அதற்குக் கீழ்ப்பட்டது 15 அங்குல ஒலிபெருக்கிக்குப் போகும். மேலே இரண்டு கூம்புகள் எதிரெதிராகச் சுழல்வது கண்ணுக்குத் தெரியும். அவற்றுள் ஒன்றிலிருந்துதான் ஒலி வரும். மற்றது எடைச் சமநிலைக்காக வைத்த வெற்றுக் கூம்பு. கீழே உள்ள பெரிய ஒலிபெருக்கி சுழல்வதில்லை. அதன் எதிரே உள்ள மர உருளை சுழன்று ஒலியைச் சுற்றிலும் வீசுகிறது. கூம்பும் உருளையும் எதிர்த்திசைகளில் சுழல்கின்றன.

இந்த மாதிரியில் வேகங்கள் இரண்டு. மெதுவாக ஓடும்போது நிமிடத்துக்கு 40 முதல் 50 சுற்றுகள். விரைவாக ஓடும்போது சுமார் 400. எடை குறைந்த கூம்பு சட்டென்று வேகமெடுக்கும். கனமான உருளை மெல்ல மெல்லத்தான் எட்டிப்பிடிக்கும். வேகம் மாறும் இந்தச் சில வினாடிகளைக் கலைஞர்கள் பாட்டின் உச்சத்துக்கென்று சேமித்து வைப்பர்.

டாப்ளர் விளைவு

நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூடுதல் சுருதியில் கேட்கிறது. கடந்து போனதும் சுருதி இறங்குகிறது. ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் இக்கொள்கையை வெளியிட்டார். 1845-இல் நெதர்லாந்து அறிஞர் பாய்ஸ் பாலட், ரயிலில் ஊதுகருவிக் கலைஞர்களை ஏற்றி வாசிக்கச் சொல்லி, பாதையோரம் நின்றவர்களின் காதுகொண்டு அதைச் சோதித்தார். லெஸ்லி பெட்டி அந்த ரயிலை ஒரு வட்டத்துக்குள் ஓடவிடுகிறது எனலாம்.

கூம்பின் வாய் சுழல்மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் அது வினாடிக்குச் சுமார் 8.4 மீட்டர் நகரும். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். இதன்படி 440 ஹெர்ட்ஸ் சுரம் ஏறத்தாழ 429-க்கும் 451-க்கும் இடையே ஊசலாடும். இது அரைச்சுரத்தில் பாதிகூட இல்லை. வினாடிக்கு ஆறேழு முறை நடக்கும் இந்த மெல்லிய அசைவைக் காது ஒரு வகைக் கமகமாகவே உணர்கிறது. கூடவே, கூம்பு நம் பக்கம் திரும்பும்போது ஒலி ஓங்கி, விலகும்போது அடங்குகிறது. அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் இவற்றோடு கலக்கிறது.

லெஸ்லி தம் பெட்டியை ஹாமண்ட் நிறுவனத்துக்குக் காட்டியபோது அது ஏற்கப்படவில்லை. எனவே அவர் எலக்ட்ரோ மியூசிக் என்ற சொந்த நிறுவனத்தின் வழியே விற்றார். தன் விற்பனையாளர்கள் லெஸ்லி பெட்டிகளை விற்பதை ஹாமண்ட் நிறுவனம் நெடுங்காலம் விரும்பவில்லை. வாங்குபவர்களோ இரண்டையும் சேர்த்தே கேட்டனர்.

வாசித்தவர்கள்

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறு தேவாலயங்களுக்கு ஹாமண்ட் ஆர்கன் எட்டும் விலையில் இருந்தது. சிகாகோவின் கறுப்பின மக்களுடைய ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ் என்ற தேவாலயம் 1939-இல் ஒன்றை வாங்கியது. அங்கே கென்னத் மோரிஸ் வாசித்த முறை காஸ்பல் இசையில் புதிய பாதையைத் திறந்தது. போதகரின் பேச்சுக்கு இடையிடையே பதில் சொல்வதுபோல் ஆர்கன் ஒலிப்பது கறுப்பினத் தேவாலயங்களில் மரபாகவே ஆனது.

ஜாஸ் இசையில் ஃபேட்ஸ் வாலர், கவுண்ட் பேசி, வைல்ட் பில் டேவிஸ் ஆகியோர் முன்னோடிகள். முழு மாற்றத்தைக் கொண்டுவந்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜிம்மி ஸ்மித். பியானோ வாசித்துக்கொண்டிருந்த அவர், டேவிஸின் வாசிப்பைக் கேட்டு ஆர்கனுக்கு மாறினார். கிடங்கு ஒன்றில் கருவியை வைத்து ஏறத்தாழ ஓராண்டு தனியே பயிற்சி செய்தார். 1956-இல் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ஒலிப்பதிவுகள் செய்யத் தொடங்கினார்.

இந்த வாசிப்பின் உழைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். பி-3 கருவியில் 61 கட்டைகள் கொண்ட இரு வரிசைகளும் 25 மிதிகட்டைகளும் உண்டு. வலக்கை ராகப்போக்கை வாசிக்க, இடக்கை பேஸ் வரிசையை நடத்தும். இடக்கால் மிதிகட்டையில் அந்த பேஸுக்கு அழுத்தம் தரும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் கட்டை ஒரே அளவு ஒலியையே தரும் என்பதால் வலக்கால் ஒலியளவு மிதியை விடாமல் ஆள வேண்டும். ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்ற மூவர் குழு பேஸ் கலைஞர் இல்லாமலே மேடையேற முடிந்தது இதனால்தான். ஷெர்லி ஸ்காட், ஜாக் மெக்டஃப், லாரி யங், டாக்டர் லோனி ஸ்மித் எனப் பெரிய வரிசையே தொடர்ந்து வந்தது. வெறுங்காலால் மிதிகட்டை வாசிக்கும் ரோடா ஸ்காட்டும், மிதிகட்டை வாசிப்புக்குப் பேர்பெற்ற ஜெர்மனியின் பார்பரா டென்னர்லைனும் குறிப்பிடத்தக்கவர்கள்.

1962-இல் மெம்ஃபிஸ் நகரில் 17 வயது புக்கர் டி. ஜோன்ஸ் சிறிய எம்-3 மாதிரியில் வாசித்த 'கிரீன் ஆனியன்ஸ்' பெரும் வெற்றி பெற்றது. 1965-இல் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஒலிப்பதிவைப் பார்க்க வந்த கிட்டார் கலைஞர் ஆல் கூப்பர், பழக்கமில்லாத ஆர்கனில் போய் உட்கார்ந்தார். மற்றவர்களைக் கேட்டுச் சற்றுத் தாமதமாகவே கட்டைகளை அழுத்தினார். அந்த வாசிப்பே பாடலின் அடையாளமாயிற்று. டீப் பர்பிள் குழுவின் ஜான் லார்ட், கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் ஆர்கனை இணைத்து முரட்டு ஒலி எழுப்பினார். கீத் எமர்சன் கட்டைகளுக்கிடையே கத்தியைச் செருகிச் சுரத்தை நிறுத்திவைத்தார்.

லெஸ்லி பெட்டி ஆர்கனோடு நிற்கவில்லை. 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலில் ஜான் லெனனின் குரல் அதன் வழியாக அனுப்பப்பட்டது. கிட்டார் கலைஞர்களும் அதைப் பயன்படுத்தினர்.

வாசித்தவருக்கு உரிமை உண்டா?

1967-இல் பிரிட்டனின் புரோகோல் ஹாரம் குழு வெளியிட்ட 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாடலில் மக்கள் மனத்தில் தங்கியது மேத்யூ ஃபிஷரின் ஆர்கன் வாசிப்பு. ஆனால் படைத்தவர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் கேரி புரூக்கரும் கீத் ரீடும் மட்டுமே. 38 ஆண்டுகள் கழித்து ஃபிஷர் வழக்குத் தொடுத்தார். 2006-இல் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதத்தை அவருக்கு அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தாமதத்தைக் காட்டிப் பணப்பங்கை மறுத்தது. 2009 ஜூலை 30 அன்று பிரபுக்கள் அவை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. உடன் வாசித்தவரின் கற்பனையும் படைப்பே என்பதற்கு இத்தீர்ப்பு முக்கியச் சான்றாகிறது.

இன்றைய நிலை

1950களின் நடுவில் வந்த பி-3 மாதிரி 1970களின் நடுவில் நிறுத்தப்பட்டது. அத்துடன் சக்கர ஆர்கன்களின் காலம் முடிந்தது. இருக்கையும் மிதிகட்டைகளும் சேர்த்து பி-3 சுமார் 190 கிலோ எடை கொண்டது. ஊர் ஊராகத் தூக்கிச் சென்ற குழுக்களுக்கு, கையில் எடுத்துச் செல்லக்கூடிய மின்னணுக் கருவிகள் பெரிய விடுதலையாகத் தோன்றின.

ஆனால் பழைய ஒலிக்கான தேவை குறையவில்லை. இன்றைய டிஜிட்டல் கருவிகள் சக்கரங்களின் ஒலியை ஓரளவு நெருக்கமாகவே நகல் செய்கின்றன. கடினமானது லெஸ்லியை நகல் செய்வதுதான். அறை முழுவதும் சுற்றி வீசும் ஒலியை, ஓரிடத்தில் நிற்கும் ஒலிபெருக்கியால் அப்படியே தர இயலாது. அதனால் டிஜிட்டல் ஆர்கன் வைத்திருப்பவர்களிலும் பலர் உண்மையான சுழலும் பெட்டியை இணைத்துக்கொள்கின்றனர். பழைய கருவிகளுக்கு எண்ணெய் விட்டு, தொடுமுனைகளைத் துடைத்து, வால்வுகளை மாற்றிப் பாதுகாக்கும் கைவினைஞர்களும் உள்ளனர்.

1980-இல் ஹாமண்ட் நிறுவனம் லெஸ்லி நிறுவனத்தை வாங்கியது. 1990களின் தொடக்கத்திலிருந்து இரு பெயர்களும் ஜப்பானின் சுசுகி இசைக்கருவி நிறுவனத்திடம் உள்ளன. இது கார், மோட்டார் சைக்கிள் செய்யும் சுசுகி அன்று. ஹாமண்ட் சேர்த்து வைக்க மறுத்த இரு பெயர்களும் இன்று ஒரே விலைப்பட்டியலில் இடம்பெறுகின்றன. கலைஞர்களோ அவற்றை 1950களிலேயே சேர்த்துவிட்டனர்.